முதலில் ஒரு பத்தி

ஒரு தளத்தை வடிவமைக்க உட்காரும்போது பெரும்பாலானவர்கள் முகப்பிலிருந்து தொடங்குகிறார்கள். மேலே ஒரு பெரிய படம், அதன்மேல் ஒரு தலைப்பு, ஓரத்தில் மெனு, கீழே மூன்று பெட்டிகள். எல்லாம் முடிந்து எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு, கடைசியாகக் கட்டுரைப் பக்கம் என்று ஒன்றைச் செய்வார்கள். அதில் எழுத்து எந்த அளவில் வந்தாலும், வரி எவ்வளவு நீண்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் ஒரு பத்தி. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு பத்தி. படம் கிடையாது, மெனு கிடையாது, நிறம்கூடக் கிடையாது. கண் நோகாமல் அந்தப் பத்தியைப் படிக்க முடிகிறவரை வேறு எதையும் தொடுவதில்லை.

வாசிப்பதற்கென்றே இருக்கும் தளத்தில், அதுவும் ஒருவர் தன் பெயரில் எழுதிச் சேர்க்கும் தளத்தில், வருகிறவர் தன் நேரத்தில் பெரும்பகுதியைப் பத்திகளோடுதான் கழிக்கிறார். முகப்பை அவர் பார்க்காமலே போகலாம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுட்டியைத் தொட்டு, நேராகக் கட்டுரைக்குள் வந்து இறங்குவார். படித்து முடித்ததும் அப்படியே போய்விடுவார். அவருக்கு அந்தத் தளம் என்பது அந்தப் பத்திகள் மட்டுமே.

தமிழில் இப்படித் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே விடும் இடம், ஒரு வரியின் நீளம் என்று டிசைனர்கள் புழங்கும் கணக்குகள் எல்லாமே ரோமன் எழுத்தை வைத்துப் போட்டவை. மென்பொருளைத் திறந்தவுடன் தானாக வந்து நிற்கும் எண்களும் அந்தக் கணக்குப்படிதான். அதில் தமிழைக் கொட்டினால் படிக்க முடியாமல் போகாது. ஆனால் இரண்டாவது பத்தியிலேயே கண் சோர்ந்துவிடும். வாசகர் அதை எழுத்துருவின் குறை என்றோ வரி இடைவெளியின் குறை என்றோ சொல்ல மாட்டார். “கட்டுரை கொஞ்சம் நீளம்” என்று சொல்லி மூடிவிடுவார். எழுதியவரும் அதை நம்பி அடுத்த முறை சுருக்கி எழுதுவார். நல்ல எழுத்தைச் சுருங்க வைக்கும் அளவுக்கு ஒரு மோசமான வரி இடைவெளிக்குச் சக்தி உண்டு என்பதை நான் உறுதியாகவே நம்புகிறேன்.

எந்த எழுத்துருவை எடுத்தாலும் நான் முதலில் அடித்துப் பார்க்கும் வரி, “கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.” அந்தச் சின்ன வரிக்குள் தமிழ் எழுத்தின் முழு உயரமும் இருக்கிறது. ‘கூ’வும் ‘ழு’வும் கீழே இறங்குகின்றன. ‘மீ’யின் சுழி மேலே ஏறுகிறது. ‘க்’, ‘ம்’ இரண்டுக்கும் தலையில் புள்ளி. ‘சை’ எவ்வளவு அகலம் எடுக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இதே வரியை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை அடித்து, மேல்வரியை மட்டும் ஓரெழுத்து வலப்பக்கம் தள்ளுங்கள். மேலே இருக்கும் ‘ழு’வின் வாலுக்கு நேர்கீழே ‘க்’கின் புள்ளி வந்து நிற்கும். ரோமன் எழுத்து நன்றாகவே தாங்கும் 1.3 வரி உயரத்தில், அதாவது எழுத்தின் அளவைப் போல 1.3 மடங்கில், அந்த வாலும் புள்ளியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளப் பார்க்கும். 1.4 வைத்தால் இடிக்காது, ஆனால் பத்தி முழுவதும் ஒரே கருப்புத் திட்டாகத் தெரியும். 1.6 தாண்டிய பிறகுதான் வரிகள் தனித்தனியாகக் கண்ணில் படும். நான் பெரும்பாலும் 1.7இல் நிறுத்துகிறேன். எழுத்துருவைப் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் ஆகும்.

ஏன் இந்த வித்தியாசம்? ரோமன் சிறிய எழுத்துகளில் மை பெரும்பாலும் நடுப்பட்டையிலேயே இருக்கிறது. சில எழுத்துகள் மட்டும் மேலே நீளும், சில கீழே இறங்கும். அதனால் இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டை தானாகவே உருவாகிவிடும். கண் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும். தமிழில் மேல்பக்கம் முழுக்கப் புள்ளியும் கொக்கியும் சுழியும். கீழ்ப்பக்கம் ‘கு’, ‘ரு’, ‘ழ’, ‘ஞ’ என்று வால்கள். வெள்ளைப் பட்டை தானாக அமையாது. நாம்தான் இடம் விட்டு அதை உண்டாக்க வேண்டும்.

அச்சுக்கோப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. பதினாறே பக்கம் கொண்ட சின்னப் புத்தகம். அன்றிலிருந்து ஈய எழுத்தில் தமிழைக் கோத்த ஒவ்வொருவரும் வாலும் புள்ளியும் இடிக்கும் இந்தச் சிக்கலைக் கையால் தொட்டே பார்த்திருப்பார்கள். வரிகளுக்கு நடுவே ஈயத் தகட்டைச் செருகித்தான் இடம் விட்டார்கள். பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், ஒரு அளவுகோலை வைத்து வரிக்கு வரி எவ்வளவு தூரம் என்று பார்ப்பது என் வழக்கம். திரைக்கு வேண்டிய பாடம் அங்கே நிறையவே கிடக்கிறது.

அடுத்தது நிறம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து என்பது டிசைனர்களுக்கு ரொம்ப நாளாகப் பிடித்த விஷயம். மென்மையாக இருக்கிறது என்பார்கள். தமிழில் அந்த மென்மைக்கு முதல் பலி புள்ளி. பதினாறு பிக்சல் எழுத்தில் புள்ளி என்பது இரண்டு பிக்சல் அகலமுள்ள ஒரு துளி, அவ்வளவுதான். ஓரங்களை மழுங்கடித்துத்தான் திரை எழுத்தைக் காட்டும். அந்தத் துளியில் பாதி ஏற்கெனவே பின்னணியோடு கலந்திருக்கும். எழுத்தின் நிறத்தையும் வெளிறச் செய்தால் மிச்சமும் போய்விடும். ரோமன் எழுத்தில் தலைப்புள்ளி மங்கினாலும் அது எந்த எழுத்து என்று தெரியும். இங்கே புள்ளி இல்லையென்றால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். பழக்கத்தால் வாசகர் சரியாகவே படித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு சின்ன ஊகம் செய்துகொண்டேதான் படிப்பார். அந்தக் களைப்பு சேர்ந்துகொண்டே போகும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது வலை அணுகல்தன்மைக்கான சர்வதேச நெறிமுறை. தமிழுக்கு அது அடிமட்டம் என்று வைத்துக்கொண்டு அதற்கு நன்றாக மேலேயே இருங்கள் என்பேன். இருண்ட பின்னணியில் கதை வேறு: அங்கே வெள்ளை எழுத்து சற்றுப் பருத்துத் தெரியும், ‘ண’வின் சுழிகளும் ‘ஐ’யின் சுழியும் உள்ளுக்குள் அடைத்துக்கொள்ளும். இரவுத் தோற்றத்துக்கு எழுத்தின் எடையை, அதாவது கோட்டின் பருமனை, ஒரு படி குறைத்து, தூய வெள்ளைக்குப் பதில் கொஞ்சம் தணிந்த வெள்ளை வைத்தால் சரியாக இருக்கும்.

சுழி அடைப்பது என்றதும் போலித் தடிப்பு நினைவுக்கு வருகிறது. எழுத்துருவில் சாதாரண எடையை மட்டும் தளத்தில் ஏற்றிவிட்டு, தலைப்புக்கு ‘போல்டு’ என்று போட்டால், பிரவுசர் தானே ஒரு தடித்த எழுத்தைச் செய்துகொள்ளும். இருக்கும் எழுத்தைப் பக்கவாட்டில் சற்று இழுத்துப் பூசுவதுதான் அதன் வேலை. ‘ண’, ‘ன’, ‘ஞ’ எல்லாவற்றிலும் உட்கண் மூடிக்கொண்டு மைத்துளி போல ஆகிவிடும். சாய்வு எழுத்தும் அப்படித்தான். சாய்வுக்குத் தமிழில் ரோமன் எழுத்தில் இருப்பது போன்ற மரபு இல்லை. பிரவுசர் நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டும். மேலே கொக்கி ஒரு பக்கம் போக, கீழே வால் இன்னொரு பக்கம் போகும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ என்று ஒரு பண்பு இருக்கிறது. அதை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று வைத்தால் இந்தப் போலி வேலை நின்றுவிடும். என் எல்லாத் தளத்திலும் அந்த ஒரு வரி உண்டு. அழுத்தம் வேண்டிய சொல்லுக்கு உண்மையான தடித்த எழுத்து. நூல்பெயருக்கு ஒற்றை மேற்கோள். தமிழ் அச்சில் பழகிய வழி அது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற சில குடும்பங்கள் சாய்வு வடிவத்தையும் சேர்த்தே தருகின்றன. அவற்றை வைத்திருப்பவர் தாராளமாகச் சாய்க்கலாம்.

வரியின் நீளத்துக்கு வருவோம். ஒரு வரியில் 45இலிருந்து 75 எழுத்துவரை இருக்கலாம் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். தமிழில் இதை எப்படி எண்ணுவது? ‘கொ’ இலக்கணப்படி ஓரெழுத்து. எழுத்துகளுக்கு உலகப் பொதுவாக எண் கொடுக்கும் யூனிகோட் கணக்கில் இரண்டு குறி. திரையில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவம். ஆகவே எழுத்தை எண்ணுவதை விட்டுவிட்டுச் சொல்லை எண்ணுகிறேன். கணினித் திரையில் ஒரு வரிக்கு ஏழெட்டுச் சொல் இருந்தால் கண் சுகமாகப் போய்வரும். பத்தைத் தாண்டினால் வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது வழி தவறும்.

இதில் ஒரு தொழில்நுட்பக் கண்ணி இருக்கிறது. தமிழ்த் தளம் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பத்தியின் அகலத்தைப் பலரும் ‘சிஎச்’ என்ற அலகில் கொடுப்பார்கள். ஒரு சிஎச் என்பது அந்த எழுத்துருவில் பூஜ்யத்தின் அகலம். எழுத்துருப் பட்டியலில் ரோமன் எழுத்துருவை முதலிலும் தமிழ் எழுத்துருவை அடுத்தும் வைப்பது சகஜம். அப்போது பிரவுசர் அளப்பது ரோமன் எழுத்துருவின் பூஜ்யத்தை. பக்கம் முழுவதும் தமிழாகவே இருந்தாலும் பத்தியின் அகலத்தை முடிவு செய்வது, அங்கே அநேகமாகத் தோன்றாத ஒரு ரோமன் எழுத்துருவின் பூஜ்யம். நாளைக்கு அந்த ரோமன் எழுத்துருவை மாற்றினால் ஒரு தமிழ் எழுத்தும் மாறாமலே எல்லா வரிகளும் வேறு இடத்தில் ஒடியும். நான் ‘எம்’ அலகில் கொடுக்கிறேன். எழுத்தின் அளவோடு நேராகக் கட்டிய அலகு அது. 34 எம் சுற்றி வைத்துவிட்டு, உண்மையான ஒரு கட்டுரையை ஊற்றிச் சொற்களை எண்ணிச் சரி செய்கிறேன்.

உண்மையான கட்டுரை என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பொருளில்லாத லத்தீன் நிரப்புரையை வைத்து வடிவமைத்த பக்கத்தில் தமிழ் போய் உட்காரும்போதுதான் எல்லாம் பிதுங்கும்.

கைபேசியில் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியாகும். 360 பிக்சல் அகலமுள்ள திரையில் ஓரம் போக ஒரு வரியில் மூன்று, மிஞ்சினால் நான்கு சொல். அதில் ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு சொல் வந்தால் முக்கால் வரி அதற்கே போய்விடும். இந்த நிலையில் இருபக்கமும் சீராக நிறுத்துகிறேன் என்று ‘ஜஸ்டிஃபை’ போடுகிறார்களே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டே சொல் உள்ள வரியில் ஒன்று இடது கோடியில், இன்னொன்று வலது கோடியில், நடுவே ஒரு பெரிய வெற்றிடம். அடுத்த வரியில் நாலு சொல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதற்கடுத்து மறுபடி வெற்றிடம். படிப்பவரின் வேகம் ஒவ்வொரு வரியிலும் மாறும். செய்தித்தாளில் பத்திகள் குறுகலாக இருந்தும் சீராக வருகிறதே என்று கேட்கலாம். அங்கே பக்கம் அமைக்கிறவர் சொல்லை உடைக்கிறார். வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது தமிழ் அச்சில் சாதாரணம். பல புத்தகங்களில் இடைக்கோடுகூடப் போட மாட்டார்கள். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது என்பது ஒன்றுதான் எல்லோரும் காத்த ஒழுங்கு.

பிரவுசரிலும் இதைச் செய்யலாம். நீளமான சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத மென்கோட்டுக் குறியைச் சேர்த்துவிட்டால், தேவைப்படும் இடத்தில் மட்டும் அங்கே ஒடியும். ஒடியும் இடத்தில் கோடு தெரிய வேண்டாமென்றால் ‘ஹைபனேட்-கேரக்டர்’ என்ற பண்பைக் காலியாக விடலாம். ஒவ்வொரு சொல்லிலும் கையால் சேர்ப்பது ஆகாத காரியம். பதிவேற்றும்போதே நீண்ட சொற்களைத் தேடி, புள்ளியெழுத்துக்கு முன்னால் வராதபடி குறி சேர்க்கும் சின்ன நிரல் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இவ்வளவும் செய்த பிறகும் இடப்பக்கம் சீராக, வலப்பக்கம் ஏற்ற இறக்கமாக விடுவதே கைபேசிக்கு நல்லது என்பதுதான் என் முடிவு.

எழுதுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே பிரித்து எழுதுவது என்பதில் தமிழ் நிறையச் சுதந்திரம் தருகிறது. பொருள் கெடாத இடத்தில் பிரித்து எழுதினால் வரி தானாகவே அழகாக ஒடியும். என் கட்டுரைகளைக் கைபேசியில் ஒரு தடவை படித்துப் பார்த்து, பிரிக்கக்கூடிய இடங்களைப் பிரித்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். எழுதுவதும் வடிவமைப்பதும் ஒரே ஆளின் கையில் இருப்பதன் பெரிய சந்தோஷம் இதுதான்: வரி சரியாக வரவில்லையென்றால் சிஎஸ்எஸையும் திருத்தலாம், வாக்கியத்தையும் திருத்தலாம்.

சுட்டிகளுக்கு அடிக்கோடு போடுவது நல்ல வழக்கம். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஆனால் வழக்கமான இடத்தில் கோடு போட்டால் ‘ழு’, ‘று’, ‘கு’ எல்லாவற்றின் காலையும் அது வெட்டும். வாலைத் தாண்டிப் போகும்படி பிரவுசர் கோட்டை விட்டுவிட்டு வரையும், சரி. தமிழில் வால்கள் அதிகம் என்பதால் அப்படி விட்டுவிட்டுக் கோடு துண்டு துண்டாகிவிடும். கோட்டை இன்னும் கீழே இறக்கி, மெலிதாக்கினால் இரண்டு தொல்லையும் தீரும். ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்’ அதற்குத்தான்.

எழுத்துருவைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. இன்று நமக்குத் தெரிவு செய்ய நிறையவே இருக்கிறது. விண்டோஸ் 2000இல் லதா வந்தது. பின்னால் விஜயா, நிர்மலா. மேக்கில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பவற்றில் நோட்டோ குடும்பம், பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான், ஏக் டைப் செய்த முக்தா மலர், அனேக் தமிழ், இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ஹிந்த் மதுரை. தலைப்புக்கு இவற்றில் எதை எடுத்தாலும் அழகாகவே இருக்கும். நீண்ட வாசிப்புக்கு எடுக்கும்போது நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்: ‘ர’வும் துணைக்காலும் சட்டென்று வேறுபட்டுத் தெரிகிறதா, புள்ளி போதுமான பருமனில் இருக்கிறதா, ‘ண’, ‘ன’ இரண்டின் சுழிகளும் சின்ன அளவில் திறந்தே இருக்கின்றனவா. ‘அரா’ என்று அடித்துப் பாருங்கள். ரகரத்தின் காலும் துணைக்காலும் ஒரே மாதிரி நின்றால் அந்த எழுத்துருவைக் கீழே வைத்துவிடலாம்.

ஒரு நல்ல செய்தி: இந்திய எழுத்துகளில் தமிழ் எழுத்துருக் கோப்பு சின்னதாகவே இருக்கும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ தவிரக் கூட்டெழுத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. 247 எழுத்து என்று பள்ளியில் படித்தாலும் யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களில் எண்களும் குறிகளும் சேர்த்து 72தான் நிரம்பியிருக்கின்றன. தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வலைக்கென்று சுருக்கிய வோஃப் 2 வடிவில் வைத்தால் சில பத்துக் கிலோபைட்டில் முடிந்துவிடும். முகப்பில் வைக்கும் ஒரு படத்தைவிட அது லேசு. ஆகவே எழுத்துரு தளத்தைக் கனமாக்கிவிடும் என்ற பயம் தமிழுக்குத் தேவையில்லை.

யூனிகோடுக்கு முந்தைய நாட்களை நினைத்தால் இந்த வசதியின் அருமை தெரியும். அப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு. அந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கிக்கொள்ளாமல் திறந்தால் திரை முழுக்கப் புரியாத ரோமன் குறிகள் கொட்டிக்கிடக்கும். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இருந்தது. ஆனால் கணினிகள் அதைக் காட்டக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆயின. நடுவே டிஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றம் வந்தது, 1999இல் டாம், டாப் என்று இன்னும் இரண்டு வந்தன. அந்தக் காலத்தில் எழுதிய எத்தனையோ பக்கங்கள் மாற்றப்படாமலே போய்விட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முன்பு டிஸ்கியில் ஏற்றிய இலக்கிய நூல்களைப் பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அப்படி உட்கார்ந்து மாற்ற ஆட்கள் இருந்ததால்தான் அவை இன்று நம் கைபேசியில் திறக்கின்றன. எழுத்துருவின் அழகைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகும் சொல்கிறேன்: எழுத்து சரியான குறியேற்றத்தில் இருப்பது அழகுக்கு முந்தியது. ‘ஔ’ அடிப்பதற்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்; தேடினால் கிடைக்காது, கேட்கும் கருவி தப்பாக வாசிக்கும்.

அப்புறம், பக்கம் யாருடையது என்ற கேள்வி. ஹோக்கன் வியூம் லீ 1994 அக்டோபரில் சிஎஸ்எஸை முன்மொழிந்தபோது, பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் எழுதுகிறவருக்கும் வாசகருக்கும் இருவருக்குமே பங்கு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் உள்ளே இருந்த எண்ணம். வாசகரின் விருப்பமும் எழுதியவரின் விருப்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கலக்கும். அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. நடைமுறையில் டிசைனர்கள் அதை மறந்துவிட்டார்கள். எழுத்தின் அளவைப் பிக்சலில் அறைந்து வைத்தால், கண் மங்கிய ஒருவர் தன் பிரவுசரில் பெரிய எழுத்து வேண்டும் என்று வைத்திருக்கும் அமைப்பு செல்லாமல் போகிறது. அதையே, வாசகர் வைத்த எழுத்தளவை ஒட்டி மாறும் ‘ரெம்’ அலகில் கொடுத்தால் அவர் கேட்டது அவருக்குக் கிடைக்கும். இரண்டு விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் தளங்களும் இருக்கின்றன. அப்படித் தடுப்பதை நான் ஒரு காலமும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் 1.7ம் 34 எம்மும் என் யோசனைகள். வாசகர் தன் திரையில் அவற்றை மாற்றிக்கொண்டால் பக்கம் உடையாமல் நிற்க வேண்டும்; வடிவமைப்பின் தரத்தை நான் அதில்தான் பார்க்கிறேன்.

சொந்தத் தளத்தில் மற்ற முடிவுகள் சுலபமானவை. மேலே மிதந்து வரும் பெட்டி வேண்டாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தேதி வேண்டும், அதுவும் தலைப்புக்குப் பக்கத்திலேயே. பழைய கட்டுரைகள் வருடவாரியாக ஒரே பக்கத்தில் வெறும் பட்டியலாக இருந்தால் போதும். புதிய கட்டுரைகளை வாசகரின் செயலிக்குத் தானாகக் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ் ஓடை கட்டாயம், 2013இல் ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோது ஓடைகளின் காலம் முடிந்தது என்றார்கள், ஆனால் ஆர்எஸ்எஸ் இன்றும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும். 2009இல் இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கே பக்கம் வைத்திருந்தவர்களின் முகவரிகள் எல்லாம் ஒரே நாளில் செத்தன. சொந்த டொமைன் இருந்தால் கட்டுரைகளை எந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் சுட்டி உயிரோடு இருக்கும்.

முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ‘தமிழ்’ என்பது யூனிகோடில் ஐந்து குறி. ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியாக நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். ஆக, ‘தமிழ்’ என்ற ஒரு சொல் 45 எழுத்து நீளமாகிவிடும். ஒரு முழுத் தலைப்பை அப்படி அனுப்பினால் செய்திப் பெட்டியில் சுட்டி மட்டுமே நிற்கும். என்ன கட்டுரை என்று யாருக்கும் தெரியாது. அதனால் வருடமும் ரோமன் எழுத்தில் ஒரு சின்னச் சொல்லும் போதும் என்று வைத்துக்கொண்டேன். பிரவுசர்களும் செயலிகளும் இதை ஒழுங்காகக் காட்டும் நாள் வந்தால் அன்றே மாற்றிவிடுவேன், பழைய முகவரிகளையும் தொடர்ந்து ஓடவிட்டபடி.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வைத்த முதல் தளத்தின் நகலைத் திறந்து பாருங்கள். தலைப்பு, பத்தி, சுட்டி, அவ்வளவுதான். எந்தக் கைபேசியிலும் திறக்கும், எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிதாகும், திரையைச் சுருக்கினால் வரிகள் தாமாகவே ஒடியும். அதை அழகாக்க யாரும் எதுவும் செய்யவில்லை. நான் செய்வதெல்லாம் அந்த வெறும் பக்கத்தின்மேல் தமிழுக்கு வேண்டிய சில வரிகளைச் சேர்ப்பதுதான். என் சிஎஸ்எஸ் கோப்பு முழுவதும் ஏறாமல் போனாலும் கட்டுரை படிக்க வரும்.

இப்போது என்னிடம் தீராமல் கிடப்பது அடிக்குறிப்பு. ரோமன் எழுத்தில் சொல்லின் தோளில் சின்ன எண்ணைத் தூக்கி வைத்தால் போதும். தமிழில் சொற்கள் ஏராளமாகப் புள்ளியில் முடிகின்றன. ‘ள்’, ‘ம்’, ‘ன்’ பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு குட்டி 1 வந்து நின்றால் புள்ளியும் எண்ணும் சேர்ந்து ஒரே குறியாகத் தெரிகிறது. எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அது ஏதோ அளவுபோலத் தெரிகிறது. சதுர அடைப்புக்குறிக்குள் வைத்தால் புள்ளியிலிருந்து பிரிகிறது, ஆனால் வரியில் தேவையில்லாத இரண்டு கம்பிகள் நிற்கின்றன. கைபேசியில் அந்த எண்ணை விரலால் தொடுவதும் கஷ்டம். தற்போதைக்கு எண்ணையே விட்டுவிட்டு, குறிப்பு வேண்டிய பத்திக்கு நேர்கீழே அதைச் சிறிய எழுத்தில், சற்று உள்ளே தள்ளி, தனிப் பத்தியாக வைத்துப் பார்க்கிறேன். நீண்ட குறிப்புகளுக்கு இது ஒத்துவருகிறது. ஒரே பத்தியில் இரண்டு குறிப்பு வந்தால் எது எதற்கு என்று தெரியவில்லை; குறிப்பின் முதல் சொல்லாக, அது எந்தச் சொல்லைப் பற்றியதோ அதையே தடித்த எழுத்தில் போட்டால் சரியாகலாம். அடுத்த கட்டுரையில் அப்படிச் செய்து பார்க்கப்போகிறேன்.